உதறல்

எஸ்ஃபந்த் மாதக் கடைசியில், ரஷ்த் நகரத்தில்
யாரும் வீட்டைச் சுத்தம் செய்வதில்லை.
உதறுவார்கள்.
திரைச்சீலை, மெத்தை, போர்வை,
போன வருடத்துச் சண்டை
எல்லாவற்றையும் பால்கனிக்கு வெளியே பிடித்து
ஓர் உதறு.

நான் கூலிக்கு உதறுகிறவள்.
புத்தாண்டுக்கு முந்திய இருபது நாளில் பதினெட்டு வீடு.
கதவு திறந்ததும் நான் கேட்பது
வாளி எங்கே என்று அல்ல.
இங்கே மூச்சு விடுகிறவை எவை எவை?

சூதாபே வீட்டில், மனிதர் போக, இரண்டு.
ஒரு கேனரி.
ஒரு வெள்ளைப் பூனை. பெயர் பன்பே, பஞ்சு என்று பொருள்.
நீலக் கண். பிறவிச் செவிடு.

கேனரியைக் கூண்டோடு தூக்கி
எதிர்வீட்டு மொனீரேயிடம் கொடுத்தேன்.
"அங்கே குளிருமே" என்றார் சூதாபே.
குளிருக்குத் துணி போர்த்தலாம்.
பிளீச்சிங் நெடிக்கு எதைப் போர்த்துவது?
கட்டைவிரல் அளவு நெஞ்சு அது.
போன வருடம் லாஹிஜானில் ஒரு வீடு,
அடுப்புக் கறை போக்கும் மருந்து, ஜோடிக் கிளிகள்.
இதற்கு மேல் அதைச் சொல்லமாட்டேன்.

பூனைக்குக் கடைசி அறை.
தண்ணீர், மண் தட்டு,
சூதாபே குளிர்காலம் முழுக்கப் போர்த்திய சால்வை.
"அதையும் கொடு, மெஷினில் போட்டுவிடுகிறேன்."
வேண்டாம்.
எல்லா வாசனையும் போய்விட்டால்
இது யார் வீடு என்று அதற்கு எப்படித் தெரியும்?
ஒன்றாவது அழுக்காக இருக்கட்டும்.

கதவில் காகிதம் ஒட்டினேன்: திறக்காதே.

"காது கேட்காதது ஒரு வகையில் கொடுத்துவைத்தது,
வாக்குவம் கிளீனர் சத்தம் அதை என்ன செய்யும்?"
காது கேட்காதுதான்.
பாதம் நான்கும் கேட்கும்.
தரை நடுங்கினால்
அதற்கு வீடே உறுமுகிறது.

மூன்று மணிக்குக் கம்பளம் துவைக்கும் கடையின் ஆட்கள்.
மூன்று கம்பளம். சுருட்டினார்கள், கட்டினார்கள்,
தோளில் ஏற்றினார்கள்.
கீழே வண்டி என்ஜினை அணைக்காமல் நின்றது.
மீன் துண்டோடு கடைசி அறைக்குப் போனேன்.

காகிதம் கதவில்தான் இருந்தது.
கதவுதான் மூடியில்லை.
சார்ஜர் எடுக்கப் போன கியாரஷுக்கு வயது பதினைந்து,
அந்த வயதில் காகிதம் படிப்பதில்லை.
சால்வையில் ஒரு குழி. தொட்டேன். ஆறியிருந்தது.

பன்பே! பன்பே!
ஆளுக்கொரு மூலையில் கத்தினார்கள்.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்,
அன்று நாலு சங்கு.
எனக்கும் உதறல் எடுத்தது.
அந்தக் கடையில் கம்பளத்தைச் சுழற்றிப் பிழியும் உருளையை
நான் பார்த்திருக்கிறேன்.

படிக்கட்டுக்கு ஓடினேன்.
இறக்குங்கள். மூன்றையும். தரையில். மெல்ல.
கட்டை அவிழ்த்தேன்.
செருப்பைக் கழற்றி, குதிகாலால்
மூன்று தட்டு,
கொஞ்சம் இடைவெளி,
மறுபடி மூன்று.
காலையில் சூதாபே உணவுக் கிண்ணத்தை வைத்துவிட்டு
இப்படித்தான் தட்டினார்.

ஒன்றுமில்லை.

மறுபடி.

நடுக் கம்பளத்தின் வாயில்
ஒரு மீசை.
பிறகு முகம் முழுக்கத் தூசியோடு
எங்களை எழுப்பிவிட்டது யார் என்கிற பார்வை.

எஸ்கந்தர், தோளில் சுமந்தவர்,
அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.
"கனமாகத்தான் இருந்தது.
நல்ல கம்பளம் போல என்று நினைத்தேன்."

யாரும் கியாரஷைத் திட்டவில்லை.
அவனே போய் அந்த அறை வாசலில்
கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தான்,
சார்ஜரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு.

ஜன்னல்களை இரண்டு மணி நேரம் திறந்து வைத்தபின்
கேனரி வீடு வந்தது. பாடவில்லை.
ஒரு தினையை உடைத்தது. போதும்.

கூலிச் சீட்டில்
ஜன்னல் ஒன்பது, திரை ஆறு, அடுப்பு, அலமாரி,
அதன் கீழே எழுதினேன்:
சால்வை ஒன்று. துவைக்கவில்லை.